கொஞ்சம் பொறுங்கப்பா

சீட்டு விளையாட்டை அழித்தாகிவிட்டது. முன்னால் வைத்திருந்த யாரோ போட்டு வைத்திருந்த பனிமலைப் படங்களையும், என்ன மொழியென்றே தெரியாத கோப்புகளையும் அழித்தாகிவிட்டது. கட்டிலை ஒட்டிப் போட்டிருந்த ஸ்டூலின் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு புவனா தரையில் உட்கார்ந்திருந்தாள். இனி டிஸ்கை ஒழுங்குபடுத்துகிற வேலை ஒன்றுதான் பாக்கி. அதையும் தட்டிவிட்டுக் கட்டிலைப் பார்த்தாள்.

"இன்னைக்குப் பொழுதோட பாருங்கப்பா. நீங்க தொட்டதும் எழுத்து வந்து நிக்கும்."

நாச்சிமுத்து கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். சரி என்று அர்த்தம். இரண்டுமுறை மூடினால் இல்லை.

காங்கேயம் பஸ்ஸில் காலமெல்லாம் கண்டக்டராக இருந்தவர். ரிட்டையராகி ஒண்டிப்புதூர் வீட்டில் ஒரு மழைக்காலம்கூட ஒழுங்காக உட்காரவில்லை. முதலில் பேச்சு குழறியது. அப்புறம் பேச்சே போனது. கால் போனது, கை போனது. நரம்பில் வருகிற நோய், மருந்து கிடையாது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மிச்சமிருந்தது வலதுகை ஆட்காட்டி விரல். அட்டையில் எழுத்தெல்லாம் எழுதிக் காட்டிப் பார்த்தார்கள். விரலைத் தூக்கிக் காட்ட அவரால் ஆகவில்லை. கையை விசைப்பலகையின் மேலேயே கிடத்திவிட்டால் விரலை நகர்த்தி ஒரு விசையை அமுக்க மட்டும் ஆனது.

புவனா காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கிறவள். சென்டரின் மெஷின்களைப் பழுது பார்க்க உக்கடத்திலிருந்து வருகிற கரீம் பாய்தான் இந்த லேப்டாப்பைக் கொடுத்தார். சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்து கழித்துப்போட்டது. "பழசும்மா, நத்தையாட்டம் போகும். ஆனா அத்தாவுக்கு அவசரம் ஒண்ணுமில்லையே," என்று சொல்லித்தான் கொடுத்தார்.

அப்பாவுக்கு அவசரமில்லைதான். அவசரம் புவனாவுக்கு இருந்தது.

அப்பா ஒரு விசையை அமுக்குவார். திரை சும்மா இருக்கும். பதியவில்லையோ என்று மறுபடி அமுக்குவார். கொஞ்சம் கழித்து இரண்டு எழுத்தும் சேர்ந்து வந்து விழும். ஒன்றை அழிக்க இன்னொரு விசையைத் தேடி விரல் நகரும். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுகிறவருக்குத் தண்ணி என்று கேட்கவே அத்தனை நேரமானது. சென்டருக்குக் கிளம்புகிற அவசரத்தில் புவனா முதல் இரண்டு எழுத்தைப் பார்த்ததும் மீதியைத் தானே சொல்லிவிடுவாள். "காத்தாடி போடோணுமுங்களா?" "காப்பித்தண்ணி வேணுமுங்களா?" பாதி நேரம் சரியாக இருக்கும். மீதி நேரம் அப்பா கண்ணை இரண்டுமுறை மூடிவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். அதற்கும் தெம்பில்லாத நாட்களில் ஒருமுறை மூடி, அவள் சொன்னதே சரியென்று விட்டுவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை "அர" என்று அடித்ததும் "அரப்பு வெச்சுத் தலைக்கு ஊத்தி உடோணுமுங்களா?" என்று கேட்டாள். அப்பா கொஞ்சநேரம் அவளைப் பார்த்துவிட்டுக் கண்ணை ஒருமுறை மூடினார். அவளும் அம்மாவுமாகச் சேர்ந்து கட்டிலிலேயே தலையை அலசித் துவட்டிவிட்டார்கள். சாயங்காலம் அம்மா பழனாத்தாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "பக்கத்தூட்ல இன்னைக்கு அரசாணிக்காய்க் கொளம்பு. வாசம் இங்க வரைக்கும் வந்துச்சு. உங்கப்பாருக்கு அதுன்னா உசுரு. அதைத்தான் சொல்ல வந்திருப்பாராட்ட இருக்குது." புவனா சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். உள்ளே போய் அப்பாவிடம் கேட்கவேண்டும் என்று நினைத்தவள், பரீட்சைத் தாள் திருத்த உட்கார்ந்ததில் மறந்துபோனாள்.

இன்றைக்கு லீவு போட்டுவிட்டு இந்த வேலையில் இறங்கியதற்குக் காரணம் மதன்குமார். அவள் அண்ணன். ஓசூரில் கம்பெனி வேலை. வேறு சாதியில் பெண்ணெடுத்தான் என்று அப்பா அவனை வீட்டுக்குள் விடவில்லை. "இந்தப் பஸ்ல உனக்கு எடமில்ல, எறங்கிக்க," என்று வாசலில் வைத்துச் சொன்னார். அப்போது அவருக்குக் குரல் கணீரென்று இருந்தது. அதற்கப்புறம் அவன் வரவில்லை. நோய் முற்றிவிட்டது என்று புவனா எஸ்டிடி பூத்திலிருந்து பேசியபோது, பாக்கறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். நேற்றுத்தான் பக்கத்து வீட்டு ஃபோனில் கூப்பிட்டு, நாளைக்குப் பொழுதோட, சாயங்காலமா வாரேன் என்றான்.

அதை அப்பாவிடம் சொன்னபோது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த முகம் எதையும் காட்டாமல் போய் மாதங்கள் ஆகியிருந்தன. புவனா லேப்டாப்பை அவர் கையடியில் வைத்துக் காத்திருந்தாள். விரல் விசையின் மேல் கிடந்தது. அமுக்கவில்லை.

அண்ணன் பொறுமை இல்லாதவன். அப்பாவைப்போலவே. அவன் வந்து உட்கார்ந்து, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே திரையையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்து, எழுந்து வெளியே போய்விடுவான் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. அதனால்தான் கரீம் பாயிடம் வழி கேட்டு வந்தாள். "மெமரி கூட்டலாம்னா இதுக்குக் கிடைக்காதும்மா. குப்பையெல்லாம் எடுத்துப்போட்டு டிஸ்கை ஒழுங்கு பண்ணிவிடு. கொஞ்சம் ஓடும்," என்றார் அவர்.

திரை முழுக்கப் பொடிப்பொடிக் கட்டங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்ததையெல்லாம் மெஷின் எடுத்து வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே எலி கொறிப்பதுபோல ஒரு சத்தம். முடிகிறவரை எதையும் தொடக்கூடாது. காலையில் ஒருமுறை எதுவோ குறுக்கிட்டு, பாதிவரை போனது மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருந்தது. இப்போது எண்பது சதவீதம்.

கட்டிலில் அசைவு தெரிந்தது. அப்பாவின் விரல் போர்வையைச் சுரண்டியது. மெஷின் வேண்டும் என்று கேட்க அவர் செய்கிற சாடை அது.

"தண்ணி வேணுமுங்களாப்பா?"

இரண்டுமுறை மூடித் திறந்தார்.

"காலை மாத்தி வெக்கட்டுங்களா? ஒண்ணுக்கு வருதுங்களா?"

இல்லை. விரல் மறுபடி சுரண்டியது. கண் லேப்டாப்பின் மேல் இருந்தது.

திரையின் அடியில் ஸ்டாப் என்று ஒரு பொத்தான் இருந்தது. புவனா அதைப் பார்த்தாள். எண்பத்திரண்டு ஆகியிருந்தது.

"கொஞ்சம் பொறுங்கப்பா. இப்ப முடிஞ்சுரும். அண்ணன் வாரதுக்குள்ள உங்களுக்குப் புதுசாட்டம் பண்ணிக் குடுக்கறனா இல்லையா பாருங்க."

அப்பா அவளைப் பார்த்தார். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். விரல் சுரண்டுவதை நிறுத்திக்கொண்டது.

அவள் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் அம்மா கஞ்சியை ஆற்றும் சத்தம் கேட்டது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று பின்னால் எத்தனையோ முறை யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. பழனாத்தாள் டம்ளரோடு உள்ளே வந்தாள். கட்டிலோரம் நின்றாள். டம்ளரை ஜன்னல் திண்டில் வைத்தாள்.

"புவனா. அப்பாவைப் பாரு கண்ணு."

அப்பாவின் கண் திறந்தபடி இருந்தது. ஸ்டூலின் மேல் மெஷின் கொறித்துக்கொண்டே இருந்தது.

*

வாசலில் நாற்காலி போட்டு, தெரு அடைத்துப் பந்தல் கட்டி முடித்தபோது மதன்குமார் வந்தான். தெருமுனையில் பந்தலைப் பார்த்ததும் நின்றுவிட்டான். கையில் ஒரு பை நிறையச் சாத்துக்குடி. பக்கத்து வீட்டு வெங்கடம்மாள் போய், "வா சாமி, வந்து மூஞ்சியப் பாரு," என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவன் அதைத் தூக்கிக்கொண்டே அப்பாவின் அருகில் வந்து உட்கார்ந்தான். அழவில்லை. அப்பாவின் நெற்றியில் ஒட்டியிருந்த ஈயை ஓட்டினான். அது மறுபடி வந்தது. மறுபடி ஓட்டினான்.

"எப்பங்கம்மா?" என்றான்.

"உச்சிப்பொழுதுக்கு."

"ஏதாச்சும் சொன்னாருங்களா?"

புவனா வாயைத் திறக்குமுன் பழனாத்தாள் சொன்னாள்:

"உன்னையத்தான் கேட்டாரு. மதன் வந்துட்டானான்னு கேட்டுட்டேதான் இருந்தாரு சாமி."

சொல்லிவிட்டு அம்மா புவனாவின் பக்கம் திரும்பவே இல்லை. விளக்கின் திரியை நிமிண்டிக்கொண்டிருந்தாள்.

இரவு சொந்தபந்தமெல்லாம் கூடத்தில் நெருக்கியடித்துக் கிடந்தது. மறுநாள் காலையில் தேர் கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுகொண்டார்கள். கொட்டுச்சத்தம் நொய்யல் பக்கம் தேய்ந்து போகிறவரை புவனா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டைக் கழுவிவிடும்போது யாரோ லேப்டாப்பை அலமாரி மேல் தூக்கி வைத்துவிட்டிருந்தார்கள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பிய ஆண்கள் குளித்துச் சாப்பிட்டுப் பிரிந்தார்கள். வெங்கடம்மாள் வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டில் மதன்குமார் இரண்டு வாய்தான் சாப்பிட்டான். மொட்டைத்தலையும் மழித்த மீசையுமாக, பள்ளிக்கூடம் போகிற காலத்து முகம் திரும்பி வந்திருந்தது. அப்பாவின் அறைக்குள் வந்து வெறுங்கட்டிலில் உட்கார்ந்தான். புவனா மருந்துப் புட்டிகளை ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா சொல்றாங்க, என்னையக் கேட்டாருன்னு," என்றான் அவன். "நெசமா புவனா?"

அவள் ஒரு புட்டியின் மூடியைத் திருகினாள். ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

"நீ ஃபோன்ல சொன்னியே, கம்ப்யூட்டர்ல அடிச்சுத்தான் பேசறாருன்னு. அதுல இருக்குமில்ல? அவரு அடிச்சது."

"அண்ணா..."

"என்னையத் திட்டியிருந்தாலும் பரவால்ல. சும்மா பாக்கறேன்."

அலமாரி மேலிருந்து அவனாகவே எடுத்துக்கொண்டான். வயரைச் சொருகி, மடியில் வைத்துத் திறந்து, பொத்தானை அமுக்கினான். புவனா காத்திருக்கத் தயாரானாள். தினமும் அது திறந்து வருகிற நேரத்தில் போய்ப் பால் காய்ச்சிவிட்டு வருவாள். இன்று உடனே திரை வந்துவிட்டது.

"நல்ல ஸ்பீடாத்தானே இருக்குது," என்றான் மதன்குமார். "ரொம்ப ஸ்லோன்னியே?"

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அப்பா எழுதுகிற பக்கத்தைத் திறந்தாள். தட்டியதும் திறந்தது. வெள்ளையாக இருந்தது.

"கீழ இருக்குதா?"

"இல்லீங்கண்ணா."

"வேற எங்காச்சும்?"

"எங்கயும் இல்லீங்க." அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பொழுதோட மூடறப்ப, பத்திரமா வெக்கட்டுமான்னு அது கேக்கும். வெக்கறதுன்னா அதுக்கு நேரமாகும். வேண்டாம்னு அமுக்கிருவேன். டெய்லியும்."

கூடத்தில் அம்மா துக்கம் கேட்க வந்த யாருக்கோ மெல்லிய குரலில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாலு மாதம் அப்பா பேசியதை அவள் நினைத்துப் பார்த்தாள். தண்ணி. காத்து. போதும். பழனாத்தா தூங்குனாளா. இன்னைக்கு என்ன கெழமை. மழையா. ஒருநாள் விடியவிடிய அடித்ததுபோல நீளமாக ஏதோ அடித்தார். அன்றைக்குச் சென்டரில் புது பேட்ச். ஓரக்கண்ணால் பார்த்து, "வந்து படிக்கறனுங்கப்பா," என்று சொல்லிப் போனாள். திரும்பி வந்தபோது கரண்ட் போய் வந்திருந்தது; பேட்டரி செத்த அந்த மெஷினில் எதுவும் மிஞ்சவில்லை. அதில் என்ன இருந்ததென்று அவளும் கேட்கவில்லை, அவரும் மறுபடி அடிக்கவில்லை.

"நேத்தும் சொல்ல வந்தாருங்கண்ணா," என்றாள். "மெஷினைக் கேட்டாரு. நான் இதைச் சரிபண்ணிட்டிருந்தேன். நீங்க வாரீங்கன்னுதான். கொஞ்சம் பொறுங்கன்னு சொன்னேன்."

அவன் அவளைப் பார்ப்பான் என்று நினைத்தாள். பார்க்கவில்லை. திரையின் இடது மேல்மூலையில் சின்னக் கோடு ஒன்று விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு லேப்டாப்பை மெதுவாக மூடித் தலையணைப் பக்கம் வைத்தான்.

"உன்னைய ஏதாச்சும் சொன்னாரா, பொறுன்னதுக்கு?"

"சரின்னாரு. கண்ணை மூடித் தொறந்தாரு."

"ஓ."

அவன் குனிந்து முழங்கையைத் தொடைமேல் ஊன்றிக்கொண்டான். ஜன்னல் வழியாக வந்த வெயில் அவன் மொட்டைத்தலையில் விழுந்தது. வலதுகாதுக்குப் பின்னால், கத்தி படாமல் விட்டுப்போன ஒரு கொத்து முடி ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்ததைப் புவனா பார்த்தாள்.

"காதுக்குப் பின்னால கொஞ்சம் உட்டுப்போட்டாங்கண்ணா."

மதன்குமார் கையைக் கொண்டுபோய்த் தடவினான்.

"எங்க?"

"இன்னுங் கொஞ்சம் கீழ."

அவனுக்கு அகப்படவில்லை. பிடரியைத் தடவினான், காதுமடலைத் தடவினான். புவனா எட்டி அவன் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள்.