மெதுவா வாங்க

"கைய எடுங்க. ரோட்டப் பாருங்க."

அவள் சொல்லி முடிப்பதற்குள் வண்டி வெள்ளைக் கோட்டைத் தாண்டிப் பக்கத்துத் தடத்தில் பாதி ஏறிவிட்டது. பின்னால் வந்த பஸ் அலறியது. கணவர் ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பிப் பழைய இடத்துக்கு வந்தார். வந்ததும் முதல் வேலையாக பஸ் டிரைவரைத் திட்டினார். தப்பு யாருடையது என்பதெல்லாம் அவருக்கு எப்போதும் இரண்டாம் பட்சம்தான்.

"வேற வழி இருக்கான்னு பாத்தேன். இந்த ரோடு முழுக்க சிவப்பாக் காட்டுது."

"அவ சிவப்பாக் காட்டினா காட்டட்டும். முன்னாடி போற லாரியும் சிவப்பாத்தான் இருக்கு, அதப் பாருங்க."

'அவ' என்றால் காரின் முன்பக்கத் திரைக்குள்ளிருந்து வழி சொல்கிற பெண் குரல். வீட்டில் அதற்குப் பெயரே 'சின்ன வீடு'தான். 'அவ லெஃப்ட்ல போன்னா வாயத் தொறக்காமப் போறீங்க, நான் சொன்னா மட்டும் நாலு கேள்வி' என்று இவள் சொல்வதும் அவர் சிரிப்பதும் வழக்கம். இன்று அவர் சிரிக்கவில்லை. ஒரு கை ஸ்டியரிங்கிலும் ஒரு விரல் திரையிலுமாக இருந்தார். மழை விட்டுவிட்டுப் பெய்தது. கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்தது. அதைத் துடைப்பதற்கான குளிர்க்காற்றும் அந்தத் திரைக்குள்தான் எங்கேயோ இருந்தது. அவர் தேடித் தேடித் தட்டினார். அவள் முந்தானையை எடுத்து அவருக்கு முன்னாலிருந்த கண்ணாடியை எட்டித் துடைத்துவிட்டாள்.

காலையில் ஓரகத்தி ஃபோன் செய்திருந்தாள். பெரியவர், அதாவது கணவருடைய அண்ணன், கடையில் ஒரு வண்டிக்கு ஸ்பீக்கர் மாட்டிக்கொண்டிருந்தவர், அப்படியே சீட்டின் மேல் சாய்ந்துவிட்டாராம். இதயம் என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. "சீக்கிரம் வாங்க. தம்பி எங்க, தம்பி எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கார்" என்று அழுதாள். கணவர் டைல்ஸ் சாம்பிள் பெட்டிகளைக்கூட டிக்கியிலிருந்து இறக்காமல் வண்டியை எடுத்துவிட்டார். ஒவ்வொரு பள்ளத்திலும் அவை பின்னால் கடகடத்தன. அவசரத்தில் அவர் ஃபோனும் பையோடு டிக்கிக்கே போய்விட்டது, திரையோடு மட்டும் இணைந்திருந்தது.

தம்பி எங்க என்று அவர் கேட்டதில் காரணம் இருந்தது. போன மழைக்காலத்திலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. எல்லாம் இந்தத் திரையால் வந்த வினை.

இதை மாட்டிக் கொடுத்ததே பெரியவர்தான். கார்களுக்குத் திரை, கேமரா, ஸ்பீக்கர் மாட்டுவதுதான் அவர் தொழில். ஊரில் 'ஸ்பீக்கர்' என்றால்தான் அவரைத் தெரியும். திரையிலிருந்து ஒரு மெல்லிய வயர் ஹேண்ட் பிரேக்குக்குப் போகும். பிரேக்கை இழுத்து வண்டியை நிறுத்தினால்தான் படமோ மெசேஜோ திரையில் தெரியும். ஓடும்போது வரைபடமும் பாட்டும் மட்டும். மெசேஜ் வந்தால் ஒரு தடவை குரலில் வாசிக்கும், அவ்வளவுதான். வாங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது அந்த வயரை வெட்டிவிடச் சொல்லித்தான். பெரியவரும் வெட்டிக் கொடுப்பார். தம்பி கேட்டபோது மட்டும் மாட்டேன் என்றுவிட்டார்.

"ஊருக்கெல்லாம் வெட்டித் தர்ற, எனக்கு மட்டும் என்னண்ணா?"

"ஊர்ல எவன் எப்படிப் போனா எனக்கென்ன. நீ ரோட்டப் பாத்துப் போ."

வேலைக்காரர்கள் முன்னால் சொல்லிவிட்டார். இவர் ரோஷக்காரர், சாவியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். வேறு கடைக்குப் போனால் அங்கே இருந்தவர் பேனலைக் கழற்றிப் பார்த்து, "இது ஸ்பீக்கர் கை வேலை. வயர் எங்க நுழையுது எங்க வெளிய வருதுன்னே தெரியல. ஆள விடுங்க சார்" என்று கும்பிட்டுவிட்டாராம். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பிடிவாதம் ஒரே அளவு. யார் முதலில் ஃபோன் செய்வது என்பதிலேயே மாதங்கள் ஓடிவிட்டன.

லாரியை முந்துவதற்காக அவர் வலப்பக்கம் ஒடித்தபோது 'டிங்' என்று ஒரு சத்தம். சின்ன வீட்டுக்காரி மெசேஜை வாசிக்கத் தொடங்கினாள். ஓரகத்தி எப்போதும் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிப்பாள். அது திரைக்காரியின் வாயில் சிக்கிப் படாத பாடு பட்டது.

"ஏவர் பாய்டார். நீங்கா மெடூவா வாங்கா."

லாரியின் சக்கரம் வாரியடித்த சேறு கண்ணாடியை மூடியது. கணவர் வைப்பரைப் போட்டு, லாரியைத் தாண்டி, இடப்பக்கம் வந்து மூச்சு விட்டார்.

"என்னது, மெதுவா வாங்கன்னா சொல்லுச்சு?"

அவள் சீட் பெல்ட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா வாங்கன்னுதான் சொல்லுச்சு. அண்ணிதானே அனுப்பியிருக்காங்க? அப்பாடா!" அவர் ஸ்டியரிங்கை உள்ளங்கையால் தட்டினார். "காலைல சீக்கிரம் சீக்கிரம்னு அழுதவங்க இப்ப மெதுவா வரச் சொல்றாங்கன்னா என்ன அர்த்தம்? ஆள் எழுந்து உக்காந்துட்டான்னு அர்த்தம்."

அவளுக்கு வேறு அர்த்தம் தெரியும். அவள் வேலை பார்ப்பது ஒரு ஆஸ்பத்திரியின் விசாரணை மேஜையில். சொந்தக்காரர்கள் வழியில் இருக்கும்போது நோயாளி இறந்துபோனால் ஃபோனில் சொல்லக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். அதுவரை சீக்கிரம் வாங்க என்று சொன்ன அதே வாயால், 'பரவால்ல, மெதுவா வாங்க, பாத்து வாங்க' என்று சொல்ல வேண்டும். சிலர் அதைக் கேட்டதும் பேச்சற்றுப் போவார்கள். சிலர் 'ரொம்ப தேங்க்ஸ்ம்மா' என்பார்கள். அந்த தேங்க்ஸைக் கேட்டுவிட்டால் அன்று முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

ஏவர் பாய்டார். அவர் போயிட்டார். அவளுக்கு ஒரு எழுத்துகூடப் பிசகாமல் புரிந்துவிட்டது.

"மொதல்ல என்னவோ சொல்லுச்சே, அது என்ன?"

"தெரியல. லாரி சத்தத்துல கேக்கல."

அவர் விரல் திரைக்குப் போனது. மெசேஜ் படத்தின் மேல் தட்டினார். 'வாகனம் ஓடும்போது காட்ட இயலாது' என்று வந்தது. மறுபடி தட்டினார். மறுபடியும் அதே.

"பாத்தியா, பாத்தியா! எல்லாம் அந்த மகராசன் வேல." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். காலையிலிருந்து முதல் சிரிப்பு. "இருக்கட்டும். போனதும் மொத வேலையா இதத்தான் சொல்லப் போறேன். 'ண்ணா, உன் வயர் இன்னும் அப்படியே இருக்கு, நான்தான் தோத்தேன், போதுமா'ன்னு."

சொல்லிவிடலாமா என்று அவளுக்குத் தொண்டை வரை வந்தது. சொன்னால் இந்தக் கை ஸ்டியரிங்கில் நிற்காது. அவர் அழுகை வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அழுகிற ஆள். மாமியார் போனபோது பார்த்திருக்கிறாள். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கத்துக்கோ கத்துக்கோ என்று அவர் தலைபாடாக அடித்துக்கொண்டபோதெல்லாம், அதான் நீங்க இருக்கீங்களே என்று தட்டிக் கழித்தவள். பக்கத்து வீட்டில் விட்டு வந்த பிள்ளைகள் இரண்டும் இந்நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இன்னொரு சாவு வேண்டாம், கடவுளே, இவரைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு, அதற்கப்புறம் நான் சொல்கிறேன். உள்ளுக்குள் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

நிம்மதி வந்த மனுஷரை அடக்குவது பதற்றத்தில் இருந்தவரை அடக்குவதைவிடப் பெரும்பாடாக இருந்தது. பாட்டுப் போட வேண்டும் என்றார். சின்ன வயதில் அண்ணன் டேப் ரெக்கார்டரில் தேய்ந்துபோகிற வரை ஓடவிட்ட பாட்டு ஒன்று உண்டு, அதைத் தேடினார். விரலால் மேலே தள்ளினார், கீழே தள்ளினார். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் மட்டும் சாலையைப் பார்த்தார்.

"ஏங்க!"

முன்னால் போன வேன் நின்றிருந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். ஈரத்தில் வண்டி வழுக்கிக்கொண்டே போனது. சாம்பிள் பெட்டிகள் மொத்தமாக முன்னால் வந்து சீட்டின் முதுகில் இடித்தன. வேனின் பின்கதவில் ஒட்டியிருந்த குழந்தைப் பொம்மை ஸ்டிக்கர் அவள் கண்ணுக்கு நேரே பெரிதாகி, பெரிதாகி, நின்றது. நடுவில் ஒரு ஆள் நுழைய இடமில்லை.

அவள் கை நீட்டி, தானாக ஓடத் தொடங்கியிருந்த வேறேதோ பாட்டின் சத்தத்தைக் குறைத்தாள்.

"என் தலை மேல சத்தியம். இனி இதத் தொடாதீங்க. என்ன வேணும்னாலும் என்கிட்ட சொல்லுங்க, நான் பண்றேன்."

"உனக்கு இதுல ஒண்ணும் தெரியாதே."

"தெரிஞ்சுக்கறேன். நீங்க ஓட்டுங்க."

அவள் குரலில் எதையோ கேட்டவர் போல அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டாள். நல்லவேளை, மழை வழிகிற கண்ணாடியில் எல்லா முகமும் ஒரே மாதிரிதான் தெரியும்.

கொஞ்ச தூரம் போனதும் ஒரு டீக்கடை வந்தது. அவர் வேகத்தைக் குறைத்தார். "ரெண்டு நிமிஷம் நிறுத்தி ஒரு டீ குடிச்சிட்டு, அண்ணி என்னதான் எழுதியிருக்காங்கன்னு பாத்துட்டுப் போலாமே."

"வேண்டாம்."

"அட, மெதுவாத்தான வரச் சொல்லியிருக்காங்க."

"அங்க போய்க் குடிச்சுக்கலாம். பெரியவர் கூட உக்காந்து குடிங்க." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவருக்கோ அந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போனது.

"அதுவும் சரிதான். அவனுக்குச் சர்க்கரை போடாம வாங்கணும். திட்டுவான்."

ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டார்கள். தண்டவாளத்துக்கு ஏறுகிற சரிவில், கேட் மூடியிருக்க, முன்னும் பின்னும் வண்டிகள். அவர் காலால் பிரேக்கை அழுத்தி நிறுத்தினார். அடுத்து என்ன செய்வார் என்பது அவளுக்குத் தெரியும். சரிவில் நின்றால் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் காலை ஆற்றிக்கொள்வார். இழுத்தால் திரை திறந்துகொள்ளும். படித்துவிட்டு மிச்ச வழி முழுக்க அவர்தான் ஓட்ட வேண்டும்.

அவருடைய இடக்கை கியரை விட்டுக் கீழே இறங்கியது. அவள் அதை எட்டிப் பிடித்து, இரண்டு கைகளாலும் மூடி, தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன திடீர்னு?"

"சும்மாதான்."

"பயந்துட்டியா?"

"ஆமா."

"பைத்தியம். அதான் ஒண்ணும் இல்லன்னு ஆயிடுச்சே." அவர் கை சூடாக இருந்தது. "சரி விடு, ஹேண்ட் பிரேக் போடணும். கால் கடுக்குது."

"கேட் இப்பத் தொறந்துடும்."

"ரயிலே இன்னும் வரல. பின்னாடி பைக்ல இருக்கறவன் வேற பாக்கறான். கல்யாண ஜோடின்னு நெனச்சுக்கப் போறான்."

"நெனச்சுக்கட்டும்."

அவர் சிரித்துக்கொண்டே கையை அவளிடமே விட்டுவிட்டார். சரக்கு ரயில் வந்தது. பெட்டி பெட்டியாக, முடிவே இல்லாமல் போனது. அவர் கட்டை விரல் அவள் உள்ளங்கையில் தாளம் போட்டது. தேடிக் கிடைக்காமல் போன அந்தப் பாட்டுதான். இவ்வளவு சந்தோஷமாக இவரை எத்தனை நாளாகப் பார்க்கவில்லை என்று நினைத்தாள். இந்தச் சந்தோஷத்தை நான் திருடிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், பிறகு இவர் என்னைக் கேட்பார், கேட்கட்டும்.

கேட் திறந்தது.

ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது மழை நின்றிருந்தது. வண்டி நிறுத்துமிடம் கட்டடத்தின் பக்கவாட்டில், மேட்டில் இருந்தது. அங்கே பெரியவருடைய கடை வேன் நின்றது. அதன் பக்கத்தில் கடை ஆட்கள் மூன்று பேர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இவர்கள் வண்டியை அடையாளம் கண்டதும் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கடைய அடைச்சிட்டு இவங்க எல்லாம் ஏன் இங்க நிக்கறாங்க?"

மேட்டில் காலியாக இருந்த இடத்தை அவள் கை காட்டினாள்.

அவர் மேட்டில் ஏற்றி, ஒரு தூணுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார். சேருமிடம் வந்துவிட்டதாகத் திரைக்காரி சொன்னாள். அவர் நியூட்ரலுக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். 'கரக்' என்றது. வரைபடம் மறைந்து எழுத்துகள் வந்தன.

அவர் உதடுகளை அசைத்து, எழுத்துக் கூட்டி, பள்ளிக்கூடப் பிள்ளை போல வாசித்தார். ஆங்கில எழுத்தில் இரண்டே வரி. அவர் போயிட்டார். நீங்க மெதுவா வாங்க.

"மெதுவா வாங்கன்னா..." என்றார்.

பிறகு மிகவும் நிதானமாக, ஹேண்ட் பிரேக்கின் நுனிப் பொத்தானை அழுத்தி, அதைக் கீழே இறக்கினார். எழுத்துகள் மறைந்தன. 'வாகனம் ஓடும்போது காட்ட இயலாது.' அவர் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கால்கள் எதையும் மிதித்துக்கொண்டிருக்கவில்லை. வண்டி சரிவில் பின்பக்கமாக மெல்ல உருளத் தொடங்கியது. கடை ஆட்களில் ஒருவர் கையை ஆட்டிக் கத்தினார்.

அவள் இதுவரை அந்தப் பிரேக்கைத் தொட்டதே இல்லை. இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. வண்டி குலுங்கி நின்றது.

எழுத்துகள் திரும்ப வந்தன.