சபிஹா சொல்லாமல் போன வரி

1

இந்தக் கதை ஒரு தப்பில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பக்கத்து வீட்டு சபிஹா திருவாரூரை விட்டுப் போகிற அன்று, சொல்லிக்கொள்ள வந்தவளுக்கு நீலாம்பாள் கதவைத் திறக்கவில்லை. உள்ளேதான் இருந்தாள். எழுதிக்கொண்டிருந்தாள்.

(முதலில் ‘நான்’ என்றுதான் எழுதிப் பார்த்தாள். அந்த ‘நான்’ தன்னைத் தானே மன்னித்துக்கொள்ளப் பார்த்தது. அடித்துவிட்டு ‘நீலாம்பாள்’ என்று போட்டாள். அப்புறம் கொஞ்சம் திட்ட முடிந்தது.)

2

வேறு தொடக்கமும் இருந்தது.

மேட்டூர் திறந்து இத்தனை நாளாகியும் ஓடம்போக்கியில் தண்ணீர்—

வேண்டாம். டெல்டாக்காரி எழுதினால் முதல் வரியிலேயே ஆற்றில் தண்ணீர் விட வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? அவளுக்கு ஆறும் வயலும் எழுத வராது. கதை காதில்தான் வரும். யாராவது பேசுவார்கள், எழுதிக்கொள்வாள். பேசுகிறவளின் சேலை என்ன நிறம் என்று கேட்டால் முழிப்பாள்.

அந்தக் குரல்களில் பாதி சபிஹாவுடையது. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டபடியே பேசுவாள்.

“எக்கா, போன மாசக் கதையில அந்த மீன்காரி திட்டுறது, நான் திட்டுனதுதானே?”

“கொஞ்சம் மாத்தியிருக்கேன்.”

“என்னத்த மாத்துனீங்க? நல்ல வார்த்தையாப் பாத்து ரெண்ட எடுத்துட்டீங்க. பேசுறது நானு, பேரு உங்களுக்கு. நல்லாருக்கு ஞாயம்!”

சொல்லிவிட்டுச் சிரிப்பாள். கணவர் காலமான, பிள்ளைகள் இல்லாத நீலாம்பாள் வீட்டில் சிரிப்புச் சத்தம் என்பது சுவரைத் தாண்டி வந்ததுதான்.

3

சபிஹாவின் மகன் பாசித் தாம்பரத்தில் வீடு வாங்கி, அம்மாவைக் கூப்பிட்டான். சேதி தெரிந்த அன்றே நீலாம்பாள் இரண்டு தோழிகள் பிரிகிற கதை ஒன்றை எழுத உட்கார்ந்தாள். (சுவரோரம் போய் நின்று அழுதிருக்கலாம். அது அவளுக்கு வராது.)

கதையில் போகிறவள் பெயர் ஹஃப்ஸா. மருமகள், மூட்டுவலி, புளி விலை என்று எல்லாம் பேசினாள் ஹஃப்ஸா. விடைபெறும் இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். நாள்கணக்காகத் திறக்கவே இல்லை.

“இந்தச் சனியன விட்டுத் தொலைக்கணும்” என்று எழுதும் அட்டையைக் கட்டிலுக்கடியில் வீசுவாள் நீலாம்பாள். பிறகு குனிந்து துழாவுவாள். எழுபத்திரண்டு வயது இடுப்புக்கு அது சின்ன வேலை இல்லை.

4

சபிஹா கிளம்புகிற காலையில் ஹஃப்ஸா பேச ஆரம்பித்தாள்.

“நான் போனப்பறம் நீங்க…”

நீலாம்பாள் அவசரமாக எழுதிக்கொண்டாள். அப்போதுதான் வாசல் கேட் கிறீச்சிட்டது.

“எக்கா! நீலாக்கா! கார் வந்துருச்சு.”

எழுந்தால் ஹஃப்ஸா போய்விடுவாள். முன்பு கேஸ் சிலிண்டர்காரருக்குக் கதவு திறந்து ஒரு நாவலையே தொலைத்தவள் அவள். ஒரே நிமிஷம், இந்த வரி மட்டும் முடியட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“கோயிலுக்குப் போயிருப்பாங்கம்மா. நேரமாவுது.” இது பாசித்.

“அவ்ளோ தூரம் நடக்க அவங்களுக்குக் காலு ஏதுடா? உள்ளதான் இருப்பாங்க. எழுதுவாங்க.”

செருப்புச் சத்தம் கதவுவரை வந்து திரும்பியது.

“சரி வா. கெடுக்க வேணாம்.”

கார்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. ஹஃப்ஸாவும் அதற்குமேல் பேசவில்லை.

5

முடிவுக்கு எழுதிப் பார்த்தவை:

நீலாம்பாள் ஓடிப்போய்க் கதவைத் திறக்கிறாள். (இதை நாலு விதமாக எழுதினாள். நாலிலும் இருவரும் அழகாகப் பேசிக்கொண்டார்கள். நாலும் பொய்.)

ஹஃப்ஸா திரும்பி வந்து பாதியில் விட்ட வரியை— (வரவில்லை.)

நீலாம்பாள் இனிமேல் எழுதுவதில்லை என்று முடிவு— (இதையும் எழுதித்தானே பார்க்கிறாள்?)

இதோ, சபிஹாவுக்குப் போன் போட்டிருக்கிறாள். மணி அடிக்கிறது. கேட்க வேண்டியது ஒன்றுதான்: “நான் கதவத் தொறந்திருந்தா என்னடி சொல்லியிருப்ப?” மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிடுகிறாள். அப்படித்தான் அவளும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் இடது கையில் போன், வலது கையில் மூடி கழற்றிய பேனா.

“அலோ… எக்கா?”

இந்த நேரத்தில் அவள் பக்கத்தில் இருப்பது நீங்கள் மட்டும்தான். பேனாவைப் பிடுங்குவதானால் இப்போதே பிடுங்குங்கள். இல்லையென்றால் ஒரு தாள் எடுத்துக் கொடுங்கள். இருந்தது தீர்ந்துவிட்டது.