வயிற்றுச் சூட்டில் மூன்று மேகசின்கள்

காரைவிட்டு இறங்கும்போதே மிசாவோவின் வயிறு ஐந்து மாதக் கர்ப்பிணியின் வயிறு மாதிரி புடைத்திருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் அப்படியொரு விசேஷத்துக்கு வழியில்லை என்பது பொம்மைத் துப்பாக்கிச் சண்டை ஆட மூங்கில்காட்டு மைதானத்தில் கூடியிருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பல் டாக்டர் யோனெடா வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆளா? வாரம் முழுக்க மற்றவர்கள் வாயைத் திறக்க வைப்பவர், ஞாயிற்றுக்கிழமை தன் வாயைத் திறந்துவிடுவார்.

"என்னக்கா, வீட்டுக்காரருக்குச் சொல்லியாச்சா?"

"அவருக்குத் தெரியாமத்தான் எடுத்துட்டு வந்திருக்கேன்," என்று மிசாவோ சட்டையை லேசாகத் தூக்கிக் காட்டினாள்.

உள்ளே இருந்தது அவள் கணவர் டெட்சுவோவின் கம்பளி வயிற்றுப் பட்டை. பழுப்பு நிறம், ஓரம் நைந்தது. நவம்பரில் கட்டினால் மார்ச்சில்தான் கழற்றுவார் என்று கேள்வி. குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று கேட்டால் மிசாவோ பேச்சை மாற்றிவிடுவாள். அந்தப் பட்டைக்குள், ரவையும் கேஸும் அடைத்துத் துப்பாக்கியில் செருகுகிற மூன்று மேகசின்கள். ஒவ்வொன்றின் மேலும் மருந்துக்கடையில் விற்கும் ஒட்டுகிற சூட்டுப் பொட்டலம் ஒன்று. காரில் வரும் வழியெல்லாம் இருக்கைச் சூட்டையும் முழுக்கத் திருப்பி வைத்து, அடைகாக்கிற கோழி மாதிரி அசையாமல் உட்கார்ந்து வந்திருந்தாள்.

காரணம் இல்லாமல் இல்லை. பிப்ரவரிக் குளிரில் கேஸின் அழுத்தம் குறைந்து, கேஸ் துப்பாக்கி படுத்துவிடும். வெயில் காலத்தில் பாய்கிற பிளாஸ்டிக் ரவை, குளிரில் சலித்துப்போய் நாலு எட்டில் மண்ணில் விழும். அதனால் குளிர்காலத்தில் எல்லோரும் பேட்டரியில் ஓடும் நீளத் துப்பாக்கிதான். மிசாவோவிடமும் ஒன்று இருந்தது. இலையுதிர்காலத்தில் அவளுடைய வலது தோள் இறுகிப்போனது. ஐம்பது வயதுத் தோள் என்றே ஜப்பானில் அதற்குப் பெயர். பெயரைக் கேட்டாலே பாதி வலி வரும். கை நெஞ்சுக்கு மேல் எழவில்லை. தலைகூட இடது கையால்தான் சீவிக்கொள்கிறாள், வகிடு எங்கேயோ போகிறது. நீளத் துப்பாக்கியைத் தோளில் வைத்துக் குறிபார்ப்பது கனவாகிவிட்டது. அப்போதுதான் கடையில் இந்தக் கையடக்கத் துப்பாக்கியைப் பார்த்தாள். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்தே சுடலாம். பிடி அவளுடைய சின்னக் கைக்கென்றே செய்ததுபோல் இருந்தது. கேஸ்தான். குளிர்தான். ஆனால் வேறு என்ன செய்வது?

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எந்தத் துப்பாக்கி வந்தாலும் ஒரு நாள் முழுக்க ஆட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கேப்டன் குரோசே "சேரும்" அல்லது "சேராது" என்று சொல்ல வேண்டும். அடுக்குமாடி வீடுகள் விற்கிறவர். விற்கிறபோது எல்லாமே அவருக்குப் பிரமாதம், வாங்குகிறபோது எதுவுமே பிடிக்காது. மருமகனையும் இப்படித்தான் ஒரு நாள் முழுக்க மீன்பிடிக்கக் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டுத்தான் பெண்ணைக் கொடுத்தாராம். அடுத்த மாதம் தோனே ஆற்றங்கரைக் குழுவோடு வருடாந்திரப் போட்டி. "சேரும்" என்று ஆன துப்பாக்கி கையில் இருப்பவர்கள்தான் களத்தில் இறங்கலாம். இல்லாதவர்களுக்கு என்ன வேலை என்பதையும் கேப்டன் யோசித்து வைத்திருந்தார். மேசைமேல் ஒரு கேமரா, வார் புதுசு.

"நல்ல படம் எடுக்கவும் ஒரு ஆள் வேணும்ல, மிசாவோ சான்," என்றார் பரிவோடு, மரியாதைக்குச் 'சான்' சேர்த்து. "தோளுக்கும் ஓய்வு."

மிசாவோ கேமராவைப் பார்த்துத் தலையாட்டினாள். ஓட்டுநர் பள்ளி வரவேற்பு மேசையில் வாரம் முழுக்கச் சிரித்துக்கொண்டே "சற்றுக் காத்திருங்கள்" என்று சொல்கிறவள் அவள். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் யாரும் எதற்கும் காத்திருக்க வேண்டாம், சேற்றில் வயிறு பட ஊர்ந்து போகலாம். அந்த ஒரு நாளையும் கழுத்தில் கேமராவாக மாட்டிவிடப் பார்க்கிறார் மனுஷர்.

ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு துப்பாக்கியையும் வேகம் அளக்கிற கருவியின் முன்னால் சுட்டுக் காட்ட வேண்டும். சட்டம் சொன்ன அளவைத் தாண்டினால் உள்ளே விடமாட்டார்கள். மைதானத்துப் பெண் நாகிசா கருவியைப் பிடித்துக்கொள்ள, மிசாவோ வயிற்றிலிருந்து ஒரு மேகசினை உருவிச் செருகிச் சுட்டாள். கருவி கீச்சிட்டது.

"அக்கா... அளவுக்கு மேல காட்டுதே."

"என்னது?"

"ரொம்ப சூடாயிருச்சு. தொட்டுப் பாருங்க, அவிச்ச முட்டை மாதிரி இருக்கு. ஆறட்டும், அப்புறம் கொண்டாங்க."

பின்னால் வரிசையில் நின்ற கேப்டன் சிரித்த சிரிப்பில் முகக்கவசக் கண்ணாடி ஆவி படிந்து மங்கிவிட்டது. "பிப்ரவரி மாசத்துல, சூடு தாங்காமத் தோத்துப்போன கேஸ் துப்பாக்கி! நான் இத்தன வருஷத்துல பாத்ததே இல்ல!"

முதல் ஆட்டம் அவள் இல்லாமலே தொடங்கியது. மிசாவோ பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் கேமரா, துணைக்கு வந்த மாமியார் மாதிரி. மேகசின்களிலிருந்து சூட்டுப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக உரித்தாள். தூக்கிப்போட மனசில்லாமல் மூன்றையும் தன் வலது தோளிலேயே ஒட்டிக்கொண்டாள். முதலிலேயே இதைச் செய்திருக்கலாமே என்று தோன்றியது, சுகமாக இருந்தது. மேகசின்களைக் குளிர்ந்த பலகையில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு மறுபடி பட்டைக்குள், தோலோடு தோலாகச் செருகினாள். பொட்டலத்தின் சூடு வேண்டாம், வயிற்றின் சூடு போதும்.

நாகிசா மறுபடி அளந்தாள். "கச்சிதம்," என்றாள்.

இரண்டாவது ஆட்டத்தில் மிசாவோ சிவப்பு அணி, கேப்டன் மஞ்சள் அணி. துப்பாக்கி முதல் சுடுதலிலேயே கையில் துள்ளியது. பேட்டரித் துப்பாக்கியின் தையல் மெஷின் கடகடப்பெல்லாம் இதில் இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு குட்டி உதை. ரவை வளையாமல் நேராகப் போய் மூங்கிலில் 'டொக்' என்று விழுந்தது. குறையும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். சடசடவென்று சுட்டால் மேகசின் சில்லிட்டுப்போய், ரவை சோம்பல் முறித்தது. ஆகவே ஒன்று ஒன்றாகச் சுட்டாள். சில்லிட்டதை வயிற்றுக்குள் தள்ளி, வெதுவெதுப்பானதை உருவினாள். ஒருதடவை அவள் சட்டைக்குள் கைவிட்டதைப் பார்த்த மஞ்சள் அணிக்காரர் ஒருவர் மரியாதைக்குத் தலையைத் திருப்பிக்கொண்டார். திருப்பிய தலை திரும்பி வருவதற்குள் ரவை அவர் தோளில் பட்டுவிட்டது. அவரே கையைத் தூக்கி, "பட்டுருச்சு!" என்று கத்திக்கொண்டு வெளியேறினார்.

இந்த ஆட்டத்தின் உயிரே அதுதான். ரவை கறை வைக்காது, காயமும் வைக்காது. பட்டவர்தான் பட்டதைச் சொல்ல வேண்டும். பட்டும் சொல்லாமல் நிற்கிறவருக்குப் பிணம் என்று பட்டம். செத்தும் நடக்கிற பிணம். திருடனைக்கூட மன்னிப்பார்கள், பிணத்தை மன்னிக்க மாட்டார்கள். ஞாயிறுதோறும் காலையில் நெஞ்சில் கைவைத்து இதைப் பற்றி உரை நிகழ்த்துகிறவர் கேப்டன் குரோசேதான்.

இடைவேளையில் அவர் அவளருகே வந்தார். பஞ்சு அடைத்த கோட்டில் இரண்டு மடங்காகத் தெரிந்தார். இடுப்பு உறையில் அவருக்கும் ஒரு பெரிய கேஸ் கைத்துப்பாக்கி உண்டு. குளிர்காலத்தில் அது வெறும் நகை.

"கிட்டத்துல சரிதான் மிசாவோ சான். பாவம், நல்லாத்தான் சுடுறீங்க. ஆனா நிஜமாச் சொல்றேன், இந்தக் குளிர்ல அது என் கோட்டு மேல பட்டா எனக்குத் தெரியவே தெரியாது. பட்டவனுக்கே தெரியாத துப்பாக்கிய நான் எப்படிச் சேரும்னு சொல்றது?"

"தெரியாதா?"

"கொசு உக்காந்த மாதிரிகூட இருக்காது."

"சரி," என்றாள் மிசாவோ. சட்டைமேல் கையை வைத்து வயிற்றை ஒருதரம் தடவிக்கொண்டாள்.

சாப்பாட்டுக்கு முந்தைய ஆட்டத்தில் கேப்டன் மஞ்சள் கொடிக்குக் காவல்; கொடிக்கம்பத்து மணியை எதிரணி அடித்துவிட்டால் ஆட்டம் அவர்களுக்கு. டயர் அடுக்கின் பின்னால், முன்பக்கம் பார்த்துப் படுத்திருந்தார். பின்பக்கம் மூங்கில் நெருக்கம். நீளத் துப்பாக்கி தூக்கி எவனும் அதற்குள் நுழைய மாட்டான் என்ற தைரியம். நுழைந்தால் குழல் மாட்டும், வார் மாட்டும், மூங்கில் எல்லாம் கடகடவென்று காட்டிக்கொடுக்கும். மிசாவோ நுழைந்தாள். மாட்டுவதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. முழங்கை விலாவில், துப்பாக்கி நெஞ்சில், பக்கவாட்டாக ஒவ்வொரு தண்டாகக் கடந்தாள். வயிற்றிலிருந்து கடைசி வெதுவெதுப்பை எடுத்துச் செருகினாள். எதிரே கேப்டனின் முதுகு, விரித்துப் போட்ட மெத்தை மாதிரி.

ஒரே ஒரு தடவை சுட்டாள்.

வெள்ளை ரவை முதுகின் நடுவில் பட்டுத் தெறித்து, காய்ந்த இலையில் விழுந்தது. பார்த்தது மூங்கில்கள் மட்டும்.

கேப்டன் அசையவில்லை.

இன்னொரு தடவை சுடலாம். ஆனால் அது அவரைப் பிணம் என்று சொல்வதாகிவிடும். மிசாவோ சுடவில்லை, காத்திருந்தாள். காத்திருப்பதில் அவளை யார் ஜெயிக்க முடியும்? தொழிலே அதுதானே. கேப்டனின் கழுத்து மெல்ல மெல்லச் சிவந்தது. கொசு உட்கார்ந்தால் யாருக்கும் அப்படிச் சிவக்காது.

பிறகு அவர் எழுந்தார். கையை உயரத் தூக்கினார்.

"பட்டுருச்சு!"

தேவைக்கு மேல் உரக்க. மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்தார், நடை நெடுக, "பட்டுருச்சு! பட்டுருச்சு!" காகங்கள் எழும்பிப் பறந்தன. சிவப்பு அணிக்காரர்கள் சுடுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். அந்தக் குரல் வெளிவாசலைத் தாண்டியபோது மிசாவோ கொடிக்கம்பத்தின் அடியில் இருந்த மணிப்பொத்தானை உள்ளங்கையால் அழுத்தினாள். மைதானம் முழுக்க அலறியது அது.

சாப்பாட்டு மேசையில் எல்லோரும் தட்டுச் சோற்றில் கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டு கேப்டனின் வாயையே பார்த்தார்கள். அந்த வாயில் உருளைக்கிழங்கு இருந்தது.

"எங்க பட்டுச்சு, கேப்டன்?" டாக்டர் யோனெடா ஆரம்பித்தார்.

"முதுகுல."

"கோட்டு மேலயா?"

"கோட்டு மேலதான்."

"தெரிஞ்சுதா?"

கேப்டன் வெகுநேரம் மென்றார். "சொல்லிட்டேன்ல, ஊருக்கே கேக்குற மாதிரி. அப்புறம் என்ன?" பிறகு குழம்பைப் பார்த்தபடி, "மிசாவோ சான்... அந்தப் பட்டை, அது ஆம்பளைங்க அளவா?"

"எங்க வீட்டுக்காரரோடதுதான். காலையிலேருந்து வயிறு குளுருது, பட்டை எங்கன்னு மெசேஜ் மேல மெசேஜ் அனுப்பிட்டிருக்காரு."

கேப்டன் தட்டை வைத்துவிட்டு எழுந்தார். கைகழுவப் போகிறவர்போல் வண்டிக்குப் பின்னால் ஒதுங்கினார். இடுப்பு உறையிலிருந்து பெரிய கேஸ் துப்பாக்கியை எடுத்து, மேகசினை உருவினார். இரண்டு பக்கமும் பார்த்தார். கோட்டின் ஜிப்பை இறக்கி, சட்டையைத் தூக்கினார்.

மிசாவோ மேசையிலிருந்த கேமராவை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய் நின்றாள். தோளுக்கு வேலை வைக்காமல், வயிற்றளவிலேயே பிடித்தாள். உறைந்த இரும்பு வெற்று வயிற்றில் பட்ட அந்த நொடியில் கேப்டன் குரோசே கண்ணை இறுக மூடி, வாயை அகலத் திறந்து, ஒற்றைக்காலில் எழும்பி நின்றார்.