நூல் இல்லை

"டாக்டரம்மா, உங்க நூல் மறுபடியும் தலை நீட்டிருச்சு," என்று சிரித்துக்கொண்டே தையல்காரர் அறைக்குள் வந்தார். பின்னால் அவர் மனைவி.

டாக்டரம்மா நாற்காலியைக் காட்டினாள். இது நான்காவது முறை.

ஐந்து மாதத்துக்கு முன் தையல்காரருடைய கன்னத்தின் உட்புறம் இருந்த புற்றுக்கட்டியை அவள்தான் வெட்டி எடுத்தாள். அந்தப் பள்ளத்தை மூட, முகவாய்க்குக் கீழிருந்து ரத்தநாளம் அறாமல் ஒரு துண்டுத் தோலைத் திருப்பி வாய்க்குள் வைத்துத் தைத்தாள். மற்ற இடங்களில் செய்வதுபோல் கையிலிருந்து தோல் எடுத்துப் பொருத்த நுண்ணோக்கி வேண்டும். அந்த ஆஸ்பத்திரி ஆபரேஷன் அறையில் மூன்று விளக்கில் இரண்டு எரிந்தாலே பெரிய காரியம். தோல் பிடித்துக்கொண்டது, ஆள் பிழைத்தார். அதற்கு முன் இதே முறையில் பதினொரு பேருக்குச் செய்திருந்தாள். பதினொருவரும் பெண்கள். அன்று காலை இவர் மழமழவென்று சவரம் செய்துகொண்டு வந்து படுத்தார். தாடி முளைக்கிற தோல் எங்கே போனாலும் தாடிதான் முளைக்கும் என்பது அவள் புத்தியில் தட்டவேயில்லை.

முதல் முறை அவர் வாயைத் திறந்து காட்டியபோது, உள்ளே கறுப்பாக நாலு முடி. "நூல் ஏதும் தங்கிடுச்சா?" என்று அவராகவே கேட்டார். "ஆமா, நூல்தான்," என்றாள். சட்டென்று பிடுங்கிப் பஞ்சில் சுற்றிப் போட்டாள். புகாருக்கு அவள் பயப்படவில்லை. இவ்வளவு படித்தும் ஆணுக்குத் தாடி உண்டு என்பதை மறந்தவள் என்று நாலு பேர் சிரிப்பார்களே, அதற்குத்தான் பயந்தாள். அடுத்த இரண்டு முறையும் அதே பொய்.

"முப்பது வருஷம் மிஷின் மிதிச்சவன் சொல்றேன்," என்றார் தையல்காரர், நாற்காலியில் உட்கார்ந்தபடி. "முடிச்சு போட்டா வாலை ஒட்ட நறுக்கணும். அன்னிக்கு நறுக்கினது யாரு, நம்ம சிஸ்டரா?"

"நான்தாண்ணே," என்றாள் ஓரமாக நின்ற சிஸ்டர்.

"என் கடையில வேலை பார்க்கிறவனா இருந்தா காதைத் திருகியிருப்பேன். உங்களை என்ன பண்றது?"

"சும்மா இருங்க," என்றார் மனைவி. "இங்க வந்து பேசுற பேச்சுக்குக் குறைச்சல் இல்லை. வீட்டுல எங்ககூட உக்காந்து சாப்பிடக் கூச்சம். தட்டைத் தூக்கிக்கிட்டு உள்ள போயிடுறார் டாக்டர்."

சிஸ்டர் சிரிக்கவில்லை. தான் சரியாக நறுக்காத நூல்தான் திரும்பத் திரும்ப வருகிறது என்று நம்பி, ஆபரேஷன் வேலை வேண்டாம், வார்டுக்கே போய்விடுகிறேன் என்று முந்தின நாள்தான் எழுதிக் கொடுத்திருந்தாள். அந்தக் காகிதம் கையெழுத்துக்காக டாக்டரம்மாவின் மேஜையில் கிடந்தது. இருக்கிறதிலேயே நல்ல கை அவளுடையது.

"அது நூல் இல்லை," என்றாள் டாக்டரம்மா. குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "நூல் இல்லைங்க ஐயா. முடி. உங்க தாடித் தோலைத்தான் உள்ளே வெச்சேன். முளைக்கும்னு முன்னாடியே சொல்லியிருக்கணும். எனக்குத் தோணலை. பார்த்த அப்புறமும் மறைச்சேன். சிஸ்டர் மேல ஒரு தப்பும் இல்லை."

சிஸ்டரின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க டாக்டரம்மாவுக்குத் துணிவில்லை.

"முதல்லயே சொல்லியிருந்தா வேண்டாம்னுருப்பேனா?" என்றார் தையல்காரர் மெதுவாக. "உயிரா, முடியான்னா, முளைச்சிட்டுப் போகட்டும்னுருப்பேன். மூணு தடவை வாயைப் பொளந்து காட்டினேன். மூணு தடவையும் பார்த்துட்டு நூல்னு சொன்னீங்க."

"வேரைச் சுட்டு எடுக்க லேசர் இருக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். அதுவரைக்கும் பிடுங்கிவிடலாம்," என்று சொல்லி அவள் இடுக்கிக்குக் கை நீட்டினாள்.

தையல்காரர் நாற்காலியோடு சிஸ்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீங்க எடுங்கம்மா."

சிஸ்டர் இடுக்கியை எடுத்துக்கொண்டாள். டாக்டரம்மா டார்ச்சை எடுத்து, அவர் வாய்க்குள் வெளிச்சம் விழும்படி பிடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட, டாக்டர்," என்றாள் சிஸ்டர், திரும்பிப் பார்க்காமல்.

அவள் கிட்டப் போனாள்.