ஆறு மில்லிமீட்டர் சுவர்

'கால்குலேட்டர்' என்று எல்லோரும் கூப்பிடும் இன்ஜினியர் தொழிற்சாலை வாசலைத் தாண்டி ஓரடி வைத்தால் மூன்றாம் எண் டேங்கின் இடுப்பு ஒரு மில்லிமீட்டர் பெருக்கும். பத்தடி வைத்தால் பத்து மில்லிமீட்டர். திரும்பி உள்ளே வந்துவிட்டால் பழைய அளவுக்கு இறங்கிவிடும். டேங்கில் முதன்முதலாகக் காற்றை அழுத்தி ஏற்றிய அன்று மாலைதான் இது தெரியவந்தது. அவர் பஸ் பிடிக்கக் கிளம்பினார், உள்ளே டேங்க் முனக ஆரம்பித்தது, வெல்டர் ஓடிவந்து அவரைத் திரும்பக் கூட்டிப்போனார். மறுநாள் வெல்டர் டேப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிற்க, இவரை வெளியே நடக்கவிட்டு மூன்று முறை சரிபார்த்தார்கள். அளவு இம்மியும் பிசகவில்லை. "டேங்குக்கு உங்க மேல பாசம் சார்" என்றார் வெல்டர். நாளடைவில் அதுவே கம்பெனியின் விளக்கமும் ஆயிற்று. டிராயிங் ஆபீஸின் பின்பக்கம் ஒரு கட்டில் போட்டு, கொசுவலையும் கட்டிக் கொடுத்தார்கள்.

கிரேன் ஓடும் உத்திரம் எத்தனை டன்னுக்கு எவ்வளவு வளையும், காற்று நிரப்பும் டேங்குக்கு எத்தனை கனத்தில் தகடு வேண்டும் என்று கணக்குப் போடுவதுதான் அவர் வேலை. ஒரு கணக்கும் தப்பியதில்லை என்பதால் வந்த பட்டப்பெயர் அது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கட்டிலில் தூக்கம் வராத முதல் வாரத்தில் டேங்கின் கணக்கு நோட்டைப் புரட்டினார். உருளை வடிவ டேங்கை நீளவாக்கில் கிழிக்கப் பார்க்கும் இழுப்பு, குறுக்கே அறுக்கப் பார்க்கும் இழுப்பைப்போல் இரண்டு மடங்கு. படிக்கும் பிள்ளைகளுக்கு முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுப்பது. இவரோ சின்ன இழுப்புக்குக் கணக்குப் போட்டு, இரண்டால் வகுக்க வேண்டிய இடத்தில் நான்கால் வகுத்து, அடியில் கையெழுத்தும் போட்டிருந்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். நான்கு நான்காகவே இருந்தது. பன்னிரண்டு மில்லிமீட்டர் வேண்டிய சுவர் ஆறாக நின்றது. பாதுகாப்புக்கென்று விடும் கூடுதல் கனத்தையும் இரும்பை மிச்சம் பிடிக்கிறேன் என்று மேனேஜர் ஏற்கெனவே சுரண்டியிருந்தார். நியாயப்படி டேங்க் முதல் நாளே கிழிந்திருக்க வேண்டும். குறைந்த ஆறு மில்லிமீட்டரின் இடத்தில் தாம் நிற்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது. யாரிடமும் மூச்சுவிடவில்லை.

இப்படியே பதினோரு வருடம் போயிற்று. தையல்காரியான அவர் மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து வாசல் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்பாள். மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தாள், கண்ணாடி போட்டாள், அம்மாவைவிட உயரமானாள், வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். எல்லாமே கம்பிக்கு அந்தப் பக்கம் நடந்தது. விசுவாசமான ஊழியர் என்று கம்பெனி அவருக்குச் சால்வை போர்த்தியது. ஒருமுறை மகளுக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மனசு கேட்காமல் வெளியே நாற்பது அடி நடந்துவிட்டார். உள்ளே பதினாலு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நாற்பத்தொன்றாவது அடியைத் தூக்கிய கால் தரையில் படவில்லை. திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

பதினோராம் வருடம் மனைவி விடாப்பிடியாகக் கேட்டு உண்மையை வாங்கிவிட்டாள். கேட்டதும் முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"தலையணைல பஞ்சை ரொம்பத் திணிச்சா நீளத் தையல்தானே முதல்ல பிரியும்? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கலாம்" என்றார்.

"போய்ச் சொல்லிடுங்க. டேங்கைக் காலி பண்ணட்டும். பேரு போனா போகட்டும். எனக்குப் பேரு வேணாம், ஆள்தான் வேணும்."

திங்கட்கிழமை காலை நோட்டை மேனேஜரின் மேஜைமேல் விரித்து வைத்து, தப்பு தம்முடையது என்றார். மேனேஜர் கெட்டிக்காரர். இரண்டே கேள்வியில் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். புது டேங்க் வர ஏழு மாதம் ஆகும், அதுவரை அந்தக் காற்றில் ஓடும் எல்லா மெஷினும் நிற்கும். "பதினோரு வருஷமா ஒண்ணும் ஆகலையே சார். நீங்க எப்படியும் இங்கதானே இருக்கீங்க?" என்று சொல்லிவிட்டு, நோட்டின் அடியில் 'உள்ளபடியே தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சொல்லிவிட்டால் விடுதலை என்று ஒரு நம்பிக்கை கால்குலேட்டருக்கு இத்தனை நாளும் இருந்தது. அதுவும் போயிற்று.

அன்று மாலை மேனேஜரின் கார் வாசலைத் தாண்டியதும் டேங்க் முனகியது. எல்லோரும் கால்குலேட்டரைத் தேடி ஓடினார்கள். அவர் தம் மேஜையில் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். கார் திரும்பி உள்ளே வந்ததும் சத்தம் அடங்கியது. வெல்டர் டேப்பை எடுத்துவந்தார். மேனேஜரை மூன்று முறை வெளியே நடக்கவிட்டார்கள், ஓரடிக்கு ஒரு மில்லிமீட்டர். அப்புறம் கால்குலேட்டரை அனுப்பினார்கள். பத்தடி, நாற்பதடி, பஸ் ஸ்டாப். டேங்க் அசையவில்லை. கடைசியாகக் கையெழுத்துப் போட்டவரைத்தான் அது பிடித்துக்கொள்கிறது என்று, நோட்டைப் பார்த்ததும் வெல்டருக்கே விளங்கிவிட்டது. "போங்க சார், திரும்பிப் பாக்காம போங்க!" என்று கத்தினார்.

வீட்டில் எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு என்று பழக அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. மகள் லீவு போட்டு வந்தாள். விருந்தாளிக்குச் செய்வதுபோல நல்ல நாற்காலியை இழுத்துப் போட்டு "உட்காருங்கப்பா" என்றாள். மறுநாளே தலைமை அலுவலகத்துக்கு எல்லாவற்றையும் விவரமாக எழுதிப் போட்டார். டேங்கின் அளவு மாறவில்லை என்றும் அவர் அக்கறைக்கு நன்றி என்றும் பதில் வந்தது.

அடுத்த ஞாயிறு மனைவியோடு வாசலுக்குப் போனார். டேங்கைக் காலிசெய்ய உத்தரவு ஒன்றைத் தாமே டைப் செய்து கொண்டுபோயிருந்தார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. சவரம் செய்யாத முகத்தோடு மேனேஜர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அதை இரண்டு முறை படித்தார்.

"அடுத்த மாசம் கண்டிப்பா போட்டுடறேன். இப்ப திடீர்னு காலி பண்ணா ஏன்னு கேப்பாங்க இல்லையா சார்?"

அவரைத் திட்டித் தீர்ப்பது என்றுதான் கால்குலேட்டர் வந்திருந்தார். அந்த 'ஏன்னு கேப்பாங்க' அவருக்கும் பதினோரு வருடப் பழக்கம். கோபம் வரவில்லை. "தண்ணித் தொட்டிப் பக்கம் ராத்திரியில காத்து வரும், அங்க படுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

இதெல்லாம் நடந்து நான்கு வருடம் ஆகிறது. ஞாயிறு தவறாமல், தேதியை மட்டும் மாற்றி அதே தாளைக் கொண்டுபோகிறார். மேனேஜர் பேனாவைத் திறக்கிறார், யோசிக்கிறார், மூடிவிடுகிறார். பாட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று டிரைவர் வாரம் ஒருமுறை காரை வாசல்வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, பின்னுக்கு எடுத்து நிழலில் நிறுத்துகிறார்.