தரிசு என்று டிக் அடித்த இடம்

எங்கள் அலுவலகத்தின் சர்வே படிவத்தில் நிலத்துக்கு நான்கே கட்டங்கள்: காடு, வயல், நீர், தரிசு. இந்த நாட்டை எட்டு மாதம் காலால் அளந்தவன் நான். மழைக்காடு, முள்புதர், பவளப்பாறை எல்லாம் பார்த்தாகிவிட்டது. அலையாத்திக் காடு கடல் சேற்றில் வேரை விட்டு நிற்கிறது. அதைக் காட்டில் சேர்ப்பதா, நீரில் சேர்ப்பதா? படிவம் தயாரித்த மகராசன் நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை போலிருக்கிறது.

மலையடிவாரப் புல்வெளிதான் என் குடியைக் கெடுத்தது. கணுக்கால் அளவுப் புல், ஒரு மரம் கிடையாது. ஆட்காட்டிக் குருவிகள் வெறும் தரையில் முட்டையிட்டிருந்தன. எந்தக் கட்டத்திலும் அது அடங்கவில்லை. தரிசு என்று டிக் அடித்துவிட்டு, குறிப்புப் பகுதியில், 'இது புல்வெளி, மரம் நடக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு. குறிப்புகளைக் கணினியில் ஏற்றுவதே இல்லையாம். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன வாரம் மேலாளர் அறிவித்தார்: தரிசு நிலங்களில் ஐயாயிரம் மரக்கன்றுகள். முதல் இடம் அந்தப் புல்வெளி.

"சார், அது தரிசு இல்ல. மரம் வெச்சா நிழல்ல புல்லு செத்துரும். குருவிங்களுக்கும் போக்கிடம் இருக்காது."

"நீங்கதானே தரிசுன்னு போட்டிருக்கீங்க? கையெழுத்து உங்களுது."

"குறிப்புல எழுதியிருக்கேன் சார்."

"குறிப்ப யாருங்க படிக்கிறா? அடுத்த சர்வேல திருத்திக்கலாம்."

"அது எப்ப?"

"பத்து வருஷம் கழிச்சு."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கத்தினேன். அவள் துணி மடித்தபடியே, "உரல்ல தலைய விட்டுட்டு உலக்கையத் திட்டுனா எப்படி?" என்றாள். அவள் சொன்னது சரி என்பதால் எரிச்சல் இன்னும் ஏறியது.

இன்று காலை புல்வெளி முழுக்க வரிசை வரிசையாகக் குழிகள். புகைப்படக்காரர் தயாராக நின்றார். மேலாளர் என் கையில் ஒரு கன்றைக் கொடுத்து, "உங்க சர்வே. முதல் கன்னு நீங்கதான் வைக்கணும்," என்றார். வாங்கிக்கொண்டேன்.

இரண்டு ஆட்காட்டிகள் எங்கள் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன. மேலாளர் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்.

"பாருங்க, மரம் வருதுன்னு தெரிஞ்சதும் குருவிக்கு என்ன சந்தோஷம்."

நான் குனிந்து கன்றைக் குழியில் இறக்கினேன். கையெழுத்து என்னுடையதுதானே.