பலகையில் மிச்சமிருந்த தகடு

ஆஸ்திரேலியாவில் வெயில் எப்படி, கறிவேப்பிலை கிடைக்குமா, துணி எங்கே காயப்போடுவார்கள் என்று மூன்று வாரமாக யூடியூபைக் குடைந்துகொண்டிருந்தான் குணசேகர். அங்கே ஒரு தங்கச் சுரங்கத்தில் பாதுகாப்பு இன்ஜினியர் வேலை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அம்மா சின்னத்தாயோ இன்னும் வாயே திறக்கவில்லை. கோலார் தங்கவயலில் அப்பா சுரங்கத்தோடு போய் இருபத்தாறு வருஷம்; உடம்புகூடக் கிடைக்கவில்லை. அவளிடம் போய்ச் சுரங்கம் என்றால் வாய் எப்படித் திறக்கும்? அவள் சரியென்று சொல்லாமல் இவனுக்கும் கிளம்பக் கால் வராது.

ஞாயிற்றுக்கிழமை காலை. பெங்களூரு ஸ்ரீராம்புரத்து வீட்டில் ஆட்டுக்கால் வெந்துகொண்டிருந்தது. அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு வீடியோ போட்டான். அதே சுரங்கத்தில் வேலை செய்யும் தமிழ்ப் பையன் ஒருவன் தன் ஒரு நாளைப் படம் பிடித்திருந்தான்.

"பாத்தியாம்மா, எவ்ளோ சுத்தம்!"

அப்புறம் அந்தப் பலகை வந்தது. இறங்குகிறவன் தன் தகட்டை அதில் மாட்ட வேண்டும், ஏறி வந்ததும் கழற்ற வேண்டும். கோலாரிலும் இதே வழக்கம்தான். அங்கே அதற்கு டோக்கன் என்று பேர். ஷிப்ட் முடிந்து எல்லாரும் சிரித்துக்கொண்டே கழற்றிப் போனார்கள்.

"நிறுத்துடா. ஒண்ணு தொங்குது பாரு. யாருது?"

"அடுத்த ஷிப்ட்காரன் எவனாச்சும் இருப்பான்மா."

"அடுத்த ஷிப்ட் இன்னும் எறங்கவே இல்லியே. என்கிட்டயா கதை உடற? மூணு நாளு உங்க நைனா டோக்கனையே பாத்துக்கினு நின்னவடா நானு."

திரும்பப் போடச் சொன்னாள். மறுபடியும் சொன்னாள். ஆட்டுக்கால் அடிப்பிடித்து வீடே நாறியது, அவள் எழவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று இவன் மனசைத் தேற்றிக்கொண்டு தானும் குனிந்து பார்த்தான். சனியன், நிறுத்திவைத்த படத்திலும் அந்தத் தகடு லேசாக ஆடுவதுபோலவே இருந்தது.

கடைசியில் அந்தப் பையனுக்கே எழுதிக் கேட்டான். செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. அப்பாடா என்று சமையலறைக்கு ஓடினான்.

"அம்மா, அது படம் புடிச்சவனோடதுதானாம்! எல்லாரையும் எடுத்துட்டு, கடைசியா அவன் கழட்டினானாம்."

சின்னத்தாய் அடுப்பை அணைத்தாள்.

"உங்க நைனாவும் அப்டித்தான்டா சொல்லி அனுப்சாரு. எல்லாரையும் ஏத்தி உட்டுட்டு கடைசியா வரேன்னு."

பிறகு கையை நீட்டினாள்.

"போறதுன்னா போ. ஆனா கடைசி ஆளா மட்டும் நிக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

வேலைக் கடிதத்தின் ஏழாவது விதி இவனுக்கு மனப்பாடம். ஷிப்டில் இருக்கும் அத்தனை பேரும் ஏறிவிட்டதைப் பார்த்த பிறகுதான் பாதுகாப்பு இன்ஜினியர் ஏற வேண்டும்.

குணசேகர் அந்தக் கையில் அடித்துச் சத்தியம் செய்தான். அம்மா கையை விடவில்லை.